துவிபாஷியார் வீட்டு ஈரம்

நாய்க்குட்டி துவிபாஷியாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே, அவருடைய சாய்மனைக் கதிரையின் காலடியில் காரியத்தை முடித்தது. முடித்துவிட்டு ஓடவில்லை, ஒளியவும் இல்லை. வாலை இரண்டு தரம் ஆட்டிவிட்டு, இனி உங்கள் முறை என்பதுபோல உட்கார்ந்துகொண்டது.

"சீதேவி! இஞ்ச ஓடி வா! இவன்ட வேலைய வந்து பாரு!"

சீதேவிப்பிள்ளை அகப்பையும் கையுமாக அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"நாலாவது தரம்! இந்தக் கிழமையில மட்டும் நாலாவது தரம்! அதுவும் எண்ட முகத்தப் பாத்துக்கொண்டு!"

"எங்க பாத்தா என்ன, நனைஞ்சது நிலந்தானே" என்று சொல்லிவிட்டு அவள் பழந்துணி எடுக்கப் போனாள்.

"கதவு திறந்துதான் கிடக்கு. வெளியால போகத் தெரியாதா இவனுக்கு? தெரியும்! தெரிஞ்சும் செய்யுறான்! இது தற்செயலா நடந்த குற்றமில்ல, யோசிச்சுச் செஞ்ச குற்றம்!" என்று துவிபாஷியார் கதிரையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அன்று அவருடைய பேச்சு ஓய கால் மணித்தியாலம் பிடித்தது. குட்டி அத்தனையையும் காதை நிமிர்த்திக்கொண்டு ரசித்துக் கேட்டது.

நல்லரத்தினம் மட்டக்களப்புக் கோட்டில் துவிபாஷி. சாட்சி தமிழில் சொல்வதை நீதவான் துரைக்கு இங்கிலீஷிலும், துரை இங்கிலீஷில் உறுமுவதைச் சாட்சிக்குத் தமிழிலும் சொல்வது அவர் உத்தியோகம். வழக்காளி அழுதால் இவரும் பாதி அழுகிற குரலில் சொல்ல வேண்டும். எதிரி ஏசினால் ஏச்சைத் துரையின் காதுக்கு ஏற்றபடி சலவை செய்து கொடுக்க வேண்டும். காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் முப்பது பேருக்காகப் பேசி முடிக்கிறபோது, தமக்கென்று பேச அவரிடம் ஒரு சொல்லும் மிஞ்சியிராது. சைக்கிளில் பாலத்தைக் கடந்து கல்லடிக்கு வந்து இறங்கினால் வாய்க்குப் பூட்டுத்தான்.

வீட்டில் அவருக்கு நாலு சொல் போதும். 'சோறு', 'தண்ணி', 'ம்', 'பாப்பம்.' இந்த நாலையும் வைத்துக்கொண்டு சீதேவிப்பிள்ளை இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருந்தாள். ஒரே மகன் கொழும்பில் படிக்கப் போன பிறகு 'பாப்பம்' என்ற சொல்லுக்கும் வேலை குறைந்துபோயிற்று. அந்த வீடும் வளவும் கிணறும் தென்னை மரங்களும் சீதேவிப்பிள்ளையின் சீதனம். துவிபாஷியார் தம் பங்காகக் கொண்டுவந்து சேர்த்த சொத்து மௌனம் ஒன்றுதான்.

குட்டி வந்தது நிலம் அளக்கும் பறங்கித் துரை ஒருவரிடமிருந்து. அவருக்குக் குருநாகலுக்கு மாற்றம் கிடைத்தபோது, "இவன் பெயர் மேஜர். கனவான். வீட்டுக்குள் ஒரு சொட்டும் விடமாட்டான்" என்று கையடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மாதம் அந்த வாக்குத் தப்பவில்லை. அவசரம் வந்தால் மேஜர் கதவடியில் நின்று ஒரு குரை குரைக்கும். வேலிப் பூவரசுக்குப் போய், அலுவலை முடித்து, கால் நான்கையும் மணலில் தேய்த்துவிட்டு உள்ளே வரும். கனவான்தான்.

பிறகு ஒரு பின்னேரம், விளையாடுவதற்கென்று உரித்த தேங்காய்ப் பொச்சுமட்டை ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து துவிபாஷியாரின் மடியில் வைத்தது. அவர் ரயிலில் வந்த கொழும்புப் பேப்பரில் மூழ்கியிருந்தார். பொச்சைத் தட்டிவிட்டார். குட்டி திரும்பக் கொண்டுவந்தது. திரும்பத் தட்டிவிட்டார். மூன்றாம் முறை குட்டி பொச்சைக் கொண்டுவரவில்லை. வேறொன்றைக் கொடுத்தது. அவர் பேப்பரை எறிந்துவிட்டு எழும்பிக் குதித்த குதியைக் கண்டதும், உலகத்தில் இதைவிட நல்ல விளையாட்டு இல்லையென்று மேஜர் அன்றைக்கே தீர்மானித்துவிட்டது.

முதலில் அவர் கோட்டு முறையில் பார்த்தார். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு குட்டிக்கு எதிரே நிமிர்ந்து நின்று, "எதிரி மேஜர் என்பவர் மேற்படி தினத்தில், மேற்படி வீட்டில்..." என்று குற்றப்பத்திரத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் படித்தார். குட்டிக்குத் தமிழும் பிடித்தது, இங்கிலீஷும் பிடித்தது. அடுத்த நாள் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று இரண்டாக்கியது.

காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடவை கொண்டுவரும் கச்சி முகம்மது இந்த அமளியைக் கேட்டு வேலிக் கடப்படியிலேயே நின்றுகொண்டான்.

"என்ன ஐயா, வீட்டுக்குள்ள கோட்டுக் கூடியிரிக்கு?"

துவிபாஷியார் முறைப்பாட்டைச் சொன்னார்.

"இதுக்கா இந்தக் கூத்து? கதவுல ஒரு மணியக் கட்டுங்க ஐயா. மூக்கால தட்டப் பழக்குங்க. மணி அடிச்சா நீங்க கதவத் திறக்குற. மணி அடிச்சாக் கடையில ஆள் வரும், கதவு திறந்தா நாய் வெளியால போகும். நான் கடப்படியில நிண்டே சொல்லுறன், இது சரிவரும்."

மணி கட்டினார்கள். மேஜர் அரை நாளில் பழகிவிட்டது. மணி அடிக்கும், துவிபாஷியார் கதிரையிலிருந்து எழும்பிப் போய்க் கதவைத் திறப்பார், குட்டி எட்டி வெளியே பார்த்துவிட்டு, பூவரசு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு உள்ளே திரும்பி வரும். அவர் உட்கார்ந்ததும் மணி அடிக்கும். ஒரு பின்னேரத்தில் முப்பத்தேழு தரம் எழும்பினார். முப்பத்தெட்டாவது மணிக்கு அவர் எழும்பவில்லை. குட்டி நேரே கதிரையடிக்கு வந்து, முகத்தைப் பார்த்தது.

"சீதேவீ!"

மணியைக் கழற்றிவிட்டுக் குட்டியைப் பின்வளவில் தென்னையோடு கட்டினார். அது தலையை வானத்துக்கு உயர்த்தி ஒப்பாரி வைக்கத் தொடங்கியது. வேலிக்கு அப்பாலிருந்து இரண்டு பெண்டுகள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "உங்கட வீட்டில ஆருக்கும் ஏதும் நடந்து போச்சா?" என்று கேட்டு வந்தார்கள். வந்தவர்களுக்கு வெற்றிலையும் கொத்தமல்லித் தண்ணீரும் கொடுத்து, ஒருவரும் சாகவில்லையென்று நம்பவைத்து அனுப்புவதற்குள் துவிபாஷியாருக்குத் தொண்டை வறண்டுபோயிற்று. குட்டியை அவிழ்த்துவிட்டார். அது நன்றியோடு ஓடிப்போய் நேரே சாய்மனைக் கதிரையடியில் நின்றது.

மறுநாள் கோட்டில் செட்டிபாளையத்து வேலி வழக்கு. அழகரத்தினம் என்ற வயல் செய்யும் கமக்காரன் சாட்சிக் கூட்டில் ஏறி நின்று, அடுத்த வளவுக்காரனைக் கையால் காட்டினான்.

"ஐயா, இவர் ஒவ்வொரு நாளும் விடியக் காத்தால வந்து எண்ட வேலியில மூத்திரம் பெய்யுற ஐயா!"

துவிபாஷியார் இதை இங்கிலீஷில் திருப்ப வேண்டும். ஆனால் அவருக்குள் ஏதோ ஒன்று பொங்கி வந்துவிட்டது.

"உங்கட முகத்தப் பாத்துக்கொண்டா?" என்றார்.

அழகரத்தினத்துக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை நாளாக ஒருவருக்கும் விளங்காத துக்கம் கோட்டு ஐயாவுக்கு விளங்கிவிட்டதே!

"ஓம் ஐயா! முகத்தப் பாத்துக்கொண்டுதான் ஐயா!"

"முடிச்சிட்டு, மறுகா வால ஆட்டுறானா?"

கோட்டு முழுவதும் கொல்லென்று சிரித்தது. பியோன் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போனான். நீதவான் துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சாட்சி என்ன சொல்கிறான் என்று கேட்டார். சத்தியம் செய்து உத்தியோகம் பார்க்கிற மனிதர் அல்லவா? நல்லரத்தினம் தாம் கேட்ட இரண்டு கேள்வியையும் ஒரு எழுத்துக் குறையாமல் இங்கிலீஷில் சொன்னார்.

துரை அவரைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். இன்னொரு தரம் கோட்டில் சொந்தக் கேள்வி கேட்டால் திருகோணமலைக்கு மாற்றம் எழுத வேண்டிவரும் என்று மிக மரியாதையாகச் சொன்னார். துரை மரியாதையாகச் சொன்னால் செய்துவிடுவார் என்பது ஊரறிந்த விஷயம்.

துவிபாஷியார் வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிளை நேரே மாட்டு டாக்குத்தர் கதிர்காமத்தம்பியிடம் விட்டார். டாக்குத்தர் தோள்வரை ஒரு எருமைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். கையை எடுக்காமலே கதை முழுவதையும் கேட்டார்.

"நோயில்ல இது" என்றார். "நாய் வெளியால போய் ஒழுங்கா ஒண்டுக்கு இருந்துட்டு வந்தா நீங்க என்ன சொல்லுற?"

"ஒண்டும் சொல்லுறல்ல."

"உள்ளுக்க இருந்தா?"

துவிபாஷியார் யோசித்தார். "எல்லாம் சொல்லுறன்" என்றார் மெல்ல.

"அப்ப அது என்ன செய்யும்? உங்கட வாயத் திறக்க அதுக்கு அந்த ஒரு திறப்புத்தான் கிடைச்சிரிக்கு." டாக்குத்தர் கையை வெளியே எடுத்தார், எருமையும் துவிபாஷியாரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். "கேளுங்க. உள்ளுக்க இருந்தா ஒரு சொல்லும் வேணாம், அத ஏறெடுத்தும் பாக்க வேணாம். வீட்டம்மா பேசாம வந்து துடைக்கட்டும். வெளியால இருந்தா முதுகத் தடவுங்க. பின்னேரத்தில வாவிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்க, வீட்டம்மாவும் வரட்டும். மறுகா வீட்டில ஒரு மணித்தியாலம் நீங்க ரெண்டு பேரும் இருந்து பறையுங்க. சத்தம் போடாம, சந்தோசமா. குட்டி பக்கத்தில படுத்துக் கேக்கட்டும். ஊமை வீட்டில எந்தக் குட்டியும் நல்லா வளராது."

"நாங்க ரெண்டு பேரும் என்னத்தப் பறையுற?"

"கலியாணம் முடிச்சு எத்தின வருசம்?"

"இருபத்திரெண்டு."

"அப்ப இருபத்திரெண்டு வருசக் கதை மிச்சம் இரிக்கே!"

அன்று பின்னேரம் வைத்தியம் தொடங்கியது. வாவிக்கரைக்குப் போய் வந்து, அவர் சாய்மனைக் கதிரையிலும், சீதேவிப்பிள்ளை எதிரே பாயிலும், மேஜர் நடுவிலுமாக இருந்தார்கள். துவிபாஷியார் தொண்டையைச் செருமினார்.

"இண்டைக்கு வெயில்."

"ஓம். வெயில்தான்."

அவர் பேப்பர் கிடந்த பக்கம் பார்த்தார். குட்டி மெதுவாகத் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது. அவர் பதறிப்போனார்.

"நேத்தும் வெயில்!"

குட்டி தலையைக் கீழே வைத்தது. சீதேவிப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாளைக்கு மழை பெய்ஞ்சா என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள்.

வேறு வழியில்லாமல் அவர் வேலி வழக்கைச் சொன்னார். 'மறுகா வால ஆட்டுறானா' என்ற இடத்துக்கு வந்தபோது சீதேவிப்பிள்ளை பாயில் விழுந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்து, மூச்சு வாங்கி, "திரும்பச் சொல்லுங்க" என்றாள். அவர் திரும்பச் சொன்னார். அழகரத்தினத்தைப் போலக் கையை நீட்டிக் காட்டினார். துரையைப் போல மூக்கால் பேசினார். கோட்டில் முப்பது பேருக்காகப் பேசுகிற மனிதருக்கு முப்பது குரல் இருப்பது அந்த வீட்டுக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்தடுத்த நாட்களில் அவளும் சொன்னாள். மீன்காரியோடு பட்ட சண்டை, மகன் சின்னனில் கிணற்றுக்குள் சருவச் சட்டியைப் போட்டது, கலியாணத்தன்று மாப்பிள்ளையின் தலைப்பாகை கழன்று விழப் பார்த்ததைத் தான் மட்டும் கண்டு ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தது. "இத்தின வருசமா ஏன் சொல்லல்ல?" என்று கேட்டார். "நீங்க எங்க கேட்டீங்க?" என்றாள். அவர் அதற்கு 'ம்' என்று சொல்லப் பார்த்து, குட்டியின் நினைவு வந்து, "நல்ல காலம், விழல்ல" என்று முடித்தார்.

மேஜர் திரும்பவும் கனவானாகிவிட்டது. பத்து நாள் வீடு காய்ந்து கிடந்தது. கோட்டிலும் துவிபாஷியார் ஒரு சொந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

"வருத்தம் மாறிட்டு" என்று பதினோராம் நாள் அறிவித்தார். "இனி மருந்து தேவையில்ல." பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். சீதேவிப்பிள்ளை கொஞ்ச நேரம் பாயில் இருந்து பார்த்தாள். பிறகு எழும்பி அடுப்படிக்குப் போனாள்.

மூன்றாம் நாள் கதிரையடியில் ஈரம்.

டாக்குத்தர் சொன்னபடியே அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை முகட்டுக்கு உயர்த்தினார். சீதேவிப்பிள்ளை பேசாமல் வந்து துடைத்தாள். அன்று பின்னேரம் மூவரும் வாவிக்கரைக்குப் போனார்கள், வந்து பறைந்தார்கள். ஐந்து நாள் ஈரம் இல்லை. சுகம் வந்துவிட்டது என்று ஆறாம் நாள் பேப்பரை எடுத்தார். ஏழாம் நாள் ஈரம்.

அதற்குப் பிறகு குட்டியின் சாமர்த்தியம் நாளுக்கு நாள் வளர்ந்தது. ஒரு நாள் அவர் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் கதிரையின் மேலேயே காரியத்தை முடித்துவிட்டது. இன்னொரு நாள் மேசைக்கு மேல், விரித்துக்கூடப் பார்க்காத புதுப் பேப்பரின் நட்ட நடுவில்.

"மேசையில எப்பிடி ஏறினான்?" என்றார் சால்வைக்குள்ளிருந்து.

"பாஞ்சிருப்பான்."

"பாஞ்சு, இருந்து, மறுகா இறங்கிப் போய் நித்திரையும் கொண்டுட்டானா?"

"கெட்டிக்காரக் குட்டியெல்லவா" என்றாள் சீதேவிப்பிள்ளை.

ஒரு விஷயத்தில் மட்டும் துவிபாஷியாருக்கு மேஜர்மீது மதிப்பு இருந்தது. கோட்டிலிருந்து மொழிபெயர்க்கக் கொண்டுவந்த கட்டு அதே மேசையில்தான் கிடந்தது. அதில் ஒரு துளியும் படவில்லை.

"கவுண்மேந்துக் கடுதாசி எண்டா இவனுக்கு ஒரு மரியாத இரிக்கு."

"பின்ன? அது நனைஞ்சா உங்கட உத்தியோகத்துக்கு ஆபத்தெண்டு அவனுக்குத் தெரியாதா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் முழுவதும் கோட்டில் வேலை கூடுதலென்று துவிபாஷியார் நாலு சொல்லுக்குத் திரும்பியிருந்தார். குளித்துவிட்டு, புதுச் சாரத்தை உடுத்திக்கொண்டு, பேப்பரோடு கதிரையில் அமர்ந்தார். அமர்ந்த வேகத்திலேயே எழும்பினார். சாரத்தின் பின்பக்கம் சில்லென்று ஒட்டிக்கொண்டது. கதிரைப் பலகையின் குழியில் குளம்போல நின்றது. மேஜர் வாசல் மணலில் மல்லாக்கப் படுத்து, நாலு காலும் வானத்துக்கு, நித்திரையாகக் கிடந்தது.

"போதும்!" என்று சால்வையைத் தேடிக் கத்தினார். "இனி எனக்கு ஏலாது. செட்டிபாளையத்து அழகரத்தினம் வேலிக்கு ஒரு நாய் வேணுமெண்டு கேட்டவன். நாளைக்கே இவனக் கொண்டுபோய் அவனிட்ட விடுறன்!"

சீதேவிப்பிள்ளைக்கு முகம் வெளிறிப்போயிற்று. "குட்டிய ஏன் அனுப்புற? பாவம், அது என்ன செஞ்சது?"

"என்ன செஞ்சதா! எண்ட பின்பக்கத்தப் பாரு, என்ன செஞ்சதெண்டு தெரியும்!"

"வாயில்லாச் சீவன்... நான் துடைச்சு விடுறன். இன்னும் ஒரு கிழமை பாப்பமே."

"பாப்பம் எண்டு நான் சொன்ன காலம் போச்சு!"

அந்த நேரம் பார்த்து மாட்டு டாக்குத்தர் கதிர்காமத்தம்பி, ஆரையம்பதியில் ஒரு காளைக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, சைக்கிளில் கடப்படியைக் கடந்தார். துவிபாஷியார் நனைந்த சாரத்தோடு றோட்டுக்கே ஓடி அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"டாக்குத்தர் ஐயா, நீங்க சொன்ன மருந்து ஏன் நிண்டு பிடிக்குதில்ல? பறைஞ்சாச் சுகம். நிப்பாட்டினா வருத்தம். பறைஞ்சாச் சுகம். நிப்பாட்டினா வருத்தம். இதுக்கு ஒரு முடிவு இல்லயா? இல்லாட்டி நாளைக்கு நாய் செட்டிபாளையம்!"

டாக்குத்தர் வாசலில் கிடந்த மேஜரைப் பார்த்தார். குனிந்து வயிற்றைத் தடவினார், கண்ணிமையை விரித்தார், மூக்கைத் தொட்டார். மேஜர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. டாக்குத்தர் உள்ளே வந்து கதிரையைப் பார்த்தார். சீதேவிப்பிள்ளை பழந்துணியோடு முந்திக்கொண்டு பாய்ந்தாள்.

"விடுங்க தங்கச்சி" என்றார் டாக்குத்தர். "துடைக்க வேணாம். நான் பாக்கணும்."

"ஐயோ, உங்களுக்கேன் இந்த ஊத்தை வேலை? நான் கழுவி விடுறன், நீங்க இரிங்க..."

"இதுதானே தங்கச்சி எண்ட வேலை."

அவர் முழங்காலில் குந்தினார். கதிரைக் குழியில் நின்றதை இப்படி ஒரு பக்கமும் அப்படி ஒரு பக்கமும் தலையைச் சரித்துப் பார்த்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். புருவம் உயர்ந்தது. திரும்பவும் மோந்தார். பிறகு வலது கைச் சுட்டுவிரலை மெல்ல அதில் தோய்த்தார்.

"டாக்குத்தர் ஐயா!" என்று துவிபாஷியார் அலறினார்.

டாக்குத்தர் விரலை நாக்கில் வைத்தார்.

துவிபாஷியார் சால்வையால் முகம் முழுவதையும் பொத்திக்கொண்டார். சீதேவிப்பிள்ளை பழந்துணியால் தன் முகத்தைப் பொத்திக்கொண்டாள். டாக்குத்தர் மட்டும் நாக்கைச் சப்புக்கொட்டி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"கொத்தமல்லித் தண்ணி நல்லா இரிக்கு தங்கச்சி, இஞ்சிதான் கொஞ்சம் கூடிப் போச்சு, எனக்கும் ஒண்டு ஊத்துங்க, ஆனாக் கோப்பையில."